ஒளிப்படிகமும் நேரிலா ஒளியியலும்: தோற்றக் காலம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

முன்னுரை

ஒரு துறையின் தோற்றக் காலத்தை வரையறுத்தல் வரலாற்றாசிரியர்க்கு எளிய செயல் அன்று. அத்துறையைக் குறிக்கும் பெயர் எப்போது வழக்கிற்கு வந்தது என்பது ஒரு வினா. அப்பெயர் சுட்டும் கருத்து எப்போது உருப்பெற்றது என்பது மற்றொரு வினா. அக்கருத்துக்கு அடிப்படையான நிகழ்ச்சி எப்போது மக்கள் கண்ணிற் பட்டது என்பது மூன்றாம் வினா. இம்மூன்றையும் ஒன்றோடொன்று மயங்கக் கொள்வதால் விளையும் இடர்ப்பாடுகளை இலக்கிய வரலாறு பயில்வோர் நன்கு அறிவர். அறிவியல் வரலாற்றிலும் இம்மயக்கம் உண்டு. அதனைத் தெளிவாகக் காட்டும் ஒரு துறையை இக்கட்டுரையில் எடுத்து ஆராய்கின்றோம்.

அத்துறையின் பொருள், ஒளிப்படிகத்தினுள் அமைந்த வழிகளிலும் குழிகளிலும் ஒளி நடந்துகொள்ளும் முறை. இத்துறை 1987ஆம் ஆண்டில் பிறந்தது என்பது பாடநூல்களில் பெரும்பாலும் காணப்படும் கூற்று. இக்கூற்றுக்குச் சான்று உண்டு. எனினும் அது முழுமையான சான்று அன்று. அவ்வாண்டுக்குச் சரியாக ஒரு நூற்றாண்டு முன்னர் வெளிவந்த ஒரு கட்டுரையில் இத்துறையின் இரு வேர்களும் அருகருகே இருந்தன. அவை பிரிந்து தனித்தனியே வளர்ந்து மீண்டும் கூடிய வரலாறே இத்துறையின் மெய்யான வரலாறு என்பது நம் கருத்து. அதனை நிறுவ முயல்வோம்.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொற்களை வரையறுத்துக்கொள்ளுதல் நலம். ஒளிவிலகல் எண் மிகுந்த பொருளும் குறைந்த பொருளும் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க இடைவெளியில் ஒழுங்காக மாறி மாறி அமைந்த கட்டமைப்பை ஃபோட்டானிக் படிகம் என்பர். அதனை ஈண்டு ஒளிப்படிகம் என வழங்குகின்றோம். உப்பும் கற்கண்டும் போல அணுக்கள் ஒழுங்குற்ற படிகம் அன்று இது; இதன் ஒழுங்கு அணுவினும் மிகப் பெரிது. மெல்லிய சிலிக்கான் தகட்டில் ஏறத்தாழ 400 நானோமீட்டர்க்கு ஒன்றாக வரிசை வரிசையாகத் துளையிட்டால் அஃது ஓர் ஒளிப்படிகம் ஆகும். சிலிக்கானின் விலகல் எண் ஏறத்தாழ 3.5, துளையிலுள்ள காற்றின் விலகல் எண் 1.

இத்தகைய அமைப்பில் ஒளி புகும்போது ஒவ்வோர் எல்லையிலும் ஒரு சிறு பகுதி திரும்புகின்றது. திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று இசைந்து கூடும் அலைநீளங்களில் உட்செல்லும் அலை விரைவில் தேய்ந்துவிடுகின்றது. அவ்வலைநீளங்களின் தொகுதியே விலக்கப்பட்ட பட்டை எனப்படும். அப்பட்டையிலுள்ள ஒளிக்குப் படிகத்தினுள் இடம் இல்லை. ஆயின், ஒரு வரிசைத் துளைகளை இடாமல் விட்டால் அவ்வரிசை வழியே ஒளி செல்லும், அஃது அலைவழி. சில துளைகளை மட்டும் விட்டால் அவ்விடத்தில் ஒளி சிறைப்படும், அது குழி. பக்கங்களில் படிகமும், மேலும் கீழும் முழு அக எதிரொளிப்பும் ஒளியைக் காக்கின்றன.

அடுத்து, நேரிலா ஒளியியல். நாம் அன்றாடம் காணும் ஒளி தான் செல்லும் பொருளை மாற்றுவதில்லை. இரு கதிர்கள் ஒன்றையொன்று ஊடுருவிச் சென்றாலும் ஒன்றால் மற்றொன்று திரிபடைவதில்லை. ஒளி மிக வலிதாயின் நிலைமை வேறு. அப்போது பொருளின் விலகல் எண்ணே ஒளியின் செறிவுக்கேற்ப மாறுகின்றது. விளைவு காரணத்துக்கு நேர்விகிதத்தில் அமைவதில்லை ஆதலின் நேரிலா என்னும் அடை பெற்றது.

1887ஆம் ஆண்டுக் கட்டுரை

இராலே பெருமகனார் 1887ஆம் ஆண்டில் ஆங்கில அறிவியல் இதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே நம் கருத்துக்கு முதற்சான்று. இருமடங்கு அதிர்வெண்ணுடைய விசைகளால் அதிர்வுகள் நிலைநிறுத்தப்படுதல் அத்தலைப்பின் முற்பகுதி. ஒழுங்காகத் திரும்பத் திரும்ப அமைந்த ஊடகத்தில் அலைகள் செல்லுதல் அதன் பிற்பகுதி. இவ்விரண்டையும் ஒரே கட்டுரையில் வைத்து ஆராய அவர்க்கு நேர்ந்தது எவ்வாறு?

முற்பகுதியை விளக்க ஊஞ்சல் ஒன்றே போதும். ஊஞ்சற் பலகையில் நின்றாடுபவர் ஒரு முழு வீச்சிற்கு இருமுறை உடலைத் தாழ்த்தி உயர்த்துவர். பிறர் எவரும் பக்கத்திலிருந்து தள்ளவில்லை. ஆயினும் வீச்சு வளர்கின்றது. செருமானிய அறிஞர் மெல்டே இதனையே இசைக்கவையோடு கட்டிய நூலிற் காட்டினார். கவை நூலின் நீளவாட்டில் அதிர, நூலின் இழுவிசை மாறி மாறி ஏறி இறங்கும். நூலோ கவையின் அதிர்வெண்ணில் பாதியளவில் குறுக்காக அதிரும்.

பிற்பகுதியில் அடர்த்தி ஒழுங்காக மாறி மாறி அமைந்த ஊடகத்தை இராலே எடுத்துக்கொண்டார். முன்னதில் மாற்றம் காலத்தில் திரும்பத் திரும்ப வருவது. பின்னதில் இடத்தில் திரும்பத் திரும்ப வருவது. கணித நோக்கில் இரண்டும் ஒன்றே. அமெரிக்க வானியலறிஞர் ஹில் நிலவின் இயக்கத்தை ஆராய்ந்த காலத்துக் கையாண்ட முறையை இராலே இரண்டிற்கும் பயன்படுத்தினார். ஊஞ்சலின் வீச்சு தானே வளரும் அதிர்வெண்களும், அடுக்கமைந்த ஊடகத்தில் அலை உட்செல்ல இயலாத அலைநீளங்களும் ஒரே சமன்பாட்டின் இரு தோற்றங்கள் ஆயின.

முற்பகுதி பிற்காலத்து நேரிலா ஒளியியலில் ஒரு பெரும் பிரிவுக்கு வித்து; பிற்பகுதி ஒளிப்படிகத்துக்கு வித்து. இராலே இவற்றை ஒருங்கே நட்டார். பின்வந்தோர் தனித்தனியே வளர்த்தனர்.

முதல் ஓடை: ஒழுங்கமைந்த ஊடகம்

பொட்டாசியம் குளோரேட்டுப் படிகங்கள் சில கண்ணைக் கவரும் தூய நிறத்துடன் ஒளிர்வதை ஸ்டோக்ஸ் 1885ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார். அந்நிறத்துக்குக் காரணம் படிகத்தினுள் இரட்டையாகத் திரும்பிய மெல்லடுக்குகள் ஒழுங்காக மீளமீள வருதலே என 1888ஆம் ஆண்டில் இராலே விளக்கினார். நிறப்பொருள் எதுவும் இன்றி அமைப்பே நிறம் தருகின்றது என்பது அவ்விளக்கத்தின் சாரம். ஒழுங்காக அடுக்கமைந்த ஊடகத்தில் ஒளி திரும்புதலைப் பற்றி 1917ஆம் ஆண்டில் அவர் மீண்டும் தனிக் கட்டுரை வரைந்தார்.

இதற்கிடையே 1912ஆம் ஆண்டில் லாவே என்பாரின் கருத்துப்படி படிகங்களில் எக்ஸ் கதிர்கள் செலுத்தப்பெற்றன. பிராக்குத் தந்தையாரும் மைந்தரும் அந்நிகழ்ச்சியை விளக்கி, 1915ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். 1928ஆம் ஆண்டில் பிளாக் என்பார் அணுக்கள் ஒழுங்குற அமைந்த திண்மத்தில் மின்னணுவின் அலை எவ்வாறு பரவும் என்பதைக் கண்டார். அரைகடத்தி பற்றிய அறிவு முழுவதும் இதன்மேல் எழுந்தது. 1946ஆம் ஆண்டில் பிரில்வான் தம் நூலில் ஒலி, மின்னலை, மின்னணு ஆகிய அனைத்திற்கும் ஒழுங்கமைந்த ஊடகத்தின் இயல்பு பொதுவானது என விரித்துரைத்தார். ஆகவே, 1987ஆம் ஆண்டுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே இவ்வியல்பு பாடநூற் பொருள் ஆகிவிட்டது.

இவ்வோடையில் தமிழ்நாட்டில் பிறந்த ஓர் அறிஞரும் இடம் பெறுகின்றார். திருச்சிராப்பள்ளியில் 1888ஆம் ஆண்டில் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன், 1950களின் தொடக்கத்தில் பெங்களூரிலுள்ள தம் ஆராய்ச்சி நிலையத்தில் ஒளிரும் பொட்டாசியம் குளோரேட்டுப் படிகங்களையும் ஓபல் மணிகளையும் தம் மாணாக்கருடன் ஆராய்ந்தார். ஓபலின் நிறவிளையாட்டு அதன் நுண்ணமைப்பின் ஒழுங்கிலிருந்தே எழுகின்றது என்பது அவ்வாராய்ச்சியின் போக்கு. அவ்வொழுங்கு எத்தகையது என்பதை ஆஸ்திரேலிய அறிஞர் சாண்டர்சும் அவர் துணைவரும் 1964ஆம் ஆண்டில் மின்னணு நுண்ணோக்கி கொண்டு காட்டினர். ஒரே அளவினவான சிலிக்கா உருண்டைகள் நெருங்க அடுக்கப்பெற்றமையே ஓபல். இன்று அதனை இயற்கை தந்த ஒளிப்படிகம் என்பர். 1964இல் அப்பெயர் இல்லை.

1972ஆம் ஆண்டில் சோவியத்து நாட்டு அறிஞர் பைக்கோவ் மேலும் ஒரு படி சென்றார். ஒழுங்கமைந்த கட்டமைப்பினுள் வைக்கப்பெற்ற அணு, விலக்கப்பட்ட பட்டையில் தானே ஒளி உமிழ இயலாது என்று அவர் எழுதினார். பதினைந்து ஆண்டுகள் கழித்துப் புகழ் பெறவிருந்த கருத்தின் உயிர்ப்பகுதி இதில் உண்டு. ஆயினும் இக்கட்டுரையைத் தொடர்ந்து ஒரு துறை எழவில்லை.

இரண்டாம் ஓடை: நேரிலா ஒளியியல்

இரண்டாம் ஓடையின் தலைப்பு இராலேக்கும் முற்பட்டது. கிளாஸ்கோ நகரில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் கணிதம் பயிற்றிய ஜான் கெர், 1875ஆம் ஆண்டில் மின்புலத்தின்கண் வைத்த கண்ணாடி ஒளியை இரட்டையாக விலக்கும் எனக் கண்டார். அம்மாற்றம் மின்புலத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைந்தது. ஒளியும் ஒரு மின்புலமே. ஆகலின், வலிய ஒளி தன் வழியைத் தானே மாற்றிக்கொள்ளுதல் கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும். அத்துணை வலிய ஒளி கெர் காலத்தில் இல்லை. அது கிடைக்க எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

1960ஆம் ஆண்டில் மைமன் மாணிக்க லேசரை இயக்கிக் காட்டினார். மறு ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பிராங்கனும் அவர் துணைவர் மூவரும் 694 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பொளியைக் குவார்ட்சுப் படிகத்திற் செலுத்தி, அதன் பாதியாகிய 347 நானோமீட்டர் புறஊதா ஒளியைப் பெற்றனர். ஒளியின் அதிர்வெண் இரட்டித்தது.

இக்கட்டுரையின் அச்சு வரலாறு தமிழ்ப் பதிப்பாசிரியர்க்குப் பெரிதும் சுவை பயப்பது. ஒளிப்படத் தகட்டில் 347 நானோமீட்டர் இடத்தில் சிறியதொரு புள்ளி விழுந்திருந்தது, அப்புள்ளியே கண்டுபிடிப்பு. ஆனால், இதழில் அச்சான படத்தில் அவ்விடத்தைச் சுட்டும் அம்புக்குறி உண்டு, புள்ளி இல்லை. அச்சுக்கு ஆயத்தம் செய்தோர் அதனை மாசு எனக் கருதி நீக்கிவிட்டனர் என்பது அத்துறையினர் இன்றளவும் கூறும் செய்தி. சுவடிகளை ஒப்புநோக்குவோர் பொருந்தாப் பாடம் என ஒதுக்கிய சொல்லே மூலபாடமாக அமைதல் உண்டு. எதிர்பார்ப்புக்கு ஒவ்வாத சிறு குறியை அழிக்குமுன் அஃது ஏன் அங்கு உள்ளது என வினவுதல் இரு துறையினர்க்கும் கடமையாகும்.

1962ஆம் ஆண்டில் புளூம்பர்கனும் அவர்தம் கூட்டத்தாரும் இத்துறைக்குக் கொள்கை அடிப்படை வகுத்தனர். அவ்வாண்டிலேயே மற்றொரு நிகழ்ச்சி எதிர்பாராமல் நேர்ந்தது. உட்பரியும் அங்கும் மாணிக்க லேசரினுள் நைட்ரோபென்சீன் நிரப்பிய கெர் கலம் ஒன்றை வைத்து ஆராய்கையில், லேசருக்கு உரியதல்லாத அகச்சிவப்பு ஒளி வெளிவரக் கண்டனர். அது கல்கத்தாவில் 1928ஆம் ஆண்டு இராமன் கண்ட விளைவே என்பதும், வலிய ஒளியால் தூண்டப்பெற்றுப் பெருகியது என்பதும் விரைவில் தெளிவாயின. கெர் பெயர் தாங்கிய கலத்தில் இராமன் பெயர் தாங்கிய விளைவு தோன்றியது.

1965ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜியார்ட்மேனும் மில்லரும், ஓர் ஒளியைக் கொண்டு அதனினும் தாழ்ந்த அதிர்வெண்ணுடைய இரு ஒளிகளை நிலைநிறுத்தினர். இராலே கட்டுரையின் முற்பகுதியிற் கண்ட ஊஞ்சல் இங்கே ஒளியாக ஆடியது. ஆயினும், அக்கட்டுரையின் பிற்பகுதியோடு இதற்கு உறவு உண்டு என அன்று பேசியோர் அரியர்.

இருநிலைக் குழி

ஓடைகள் இரண்டும் கூடவேண்டிய இடம் குழி. எதிரெதிரே வைத்த இரு கண்ணாடிகளுக்கிடையே நேரிலாப் பொருளை வைத்தால் ஒரே உள்ளீட்டிற்கு இரு வெளியீடுகள் கிடைத்தல் கூடும் எனச் சோக்கேயும் பிறரும் 1969ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். கிப்சு, மக்கால், வெங்கடேசன் ஆகிய மூவரும் 1976ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் சோடிய ஆவி நிரப்பிய குழியில் இதனைச் செய்து காட்டினர்.

இதன் இயக்கத்தைச் சற்று விரித்துக் காண்போம். ஒவ்வொரு குழிக்கும் தனக்கு இசைந்த அலைநீளம் உண்டு. அதனினும் சற்று நீண்ட அலைநீளமுடைய ஒளியைச் செலுத்தினால் குழி அதனை ஏற்பதில்லை, ஒளி திரும்பிவிடும். ஒளியின் வலியைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. உட்புகும் சிறுபகுதி பொருளின் விலகல் எண்ணை உயர்த்தும். அதனால் குழியின் இசைவு நீண்ட அலைநீளத்தை நோக்கி நகரும். நகர நகர மேலும் ஒளி புகும். புகுந்த ஒளி மேலும் நகர்த்தும். ஓர் எல்லையில் குழி திடீரெனத் திறந்துகொள்ளும். இனி, வலியைக் குறைப்பினும் குழி உடனே மூடிக்கொள்வதில்லை. உள்ளே நிறைந்த ஒளி தன் இசைவைத் தானே காத்து நிற்கும். மிகத் தாழ்ந்த அளவு வந்த பின்னரே அது மூடும். ஆதலின், இவ்விரு எல்லைகளுக்கு இடைப்பட்ட வலியுடைய ஒளி செல்லுமா, திரும்புமா என்பதை அவ்வொளியின் அளவை மட்டும் கொண்டு கூற இயலாது. முன்னர் நிகழ்ந்ததும் தெரிதல் வேண்டும். நினைவு என்பதற்குப் பொறியியலார் கொள்ளும் பொருள் இதுவே.

1979ஆம் ஆண்டில் அரைகடத்திகளிலும் இவ்விளைவு பெறப்பட்டது. ஒளியால் இயங்கும் கணிப்பொறி அண்மையில் வரும் என்ற நம்பிக்கை எழுந்தது. அந்நம்பிக்கை நிறைவேறவில்லை. அக்குழிகளுக்குத் தேவைப்பட்ட ஆற்றல் மிகுதி. அதனால் எழும் வெப்பமும் மிகுதி. திருத்தம் வேண்டியது பொருளில் மட்டும் அன்று, குழியிலும் ஆகும். ஒளியைச் சிறிய இடத்தில் நெடுநேரம் நிறுத்தும் குழி வேண்டியிருந்தது. அத்தகைய குழிக்கு உரிய கருத்து வேறொரு நோக்கத்தோடு 1987இல் வந்தது.

1987: பெயரும் பிழையும் திருத்தமும்

1987ஆம் ஆண்டு மே, சூன் திங்கள்களில் ஒரே இதழில் இரு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஒன்றை எழுதியவர் நியூ ஜெர்சியில் தொலைத்தொடர்பு ஆய்வுக்கூடம் ஒன்றைச் சார்ந்த யாப்லோனோவிச். லேசரில் ஆற்றலை வீணாக்கும் தன்னியல் உமிழ்வைத் தடுத்தல் அவர் நோக்கம். மற்றொன்றை எழுதியவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துச் சஜீவ் ஜான். ஒழுங்கு சற்றே குலைந்த அமைப்பில் ஒளியை ஓரிடத்தில் கட்டிநிறுத்துதல் அவர் நோக்கம். ஒருவர்க்கு உமிழ்வு பொருள். மற்றவர்க்குச் சிறை பொருள். இருவரும் மூன்று பரிமாணங்களிலும் ஒழுங்குடைய கட்டமைப்பை வேண்டினர். பின்னர்க் கலந்து பேசி, ஃபோட்டானிக் என்னும் அடைமொழியை இருவரும் ஏற்றனர்.

பெயர் பிறந்த பின்னரும் பொருள் உடனே கைக்கு வரவில்லை. எத்திசையிலிருந்து வரும் ஒளியையும் தடுக்கும் அமைப்பைத் துளையிட்டுக் காண யாப்லோனோவிச்சும் கிமிட்டரும் முயன்றனர். கோள வடிவத் துளைகளை முகமையக் கனசதுர ஒழுங்கில் அமைத்து, முழுமையான விலக்கப்பட்ட பட்டை கிடைத்தது என 1989ஆம் ஆண்டில் அறிவித்தனர். அது பிழை என்பதைக் கொள்கையாளர் 1990இல் கணக்கிட்டுக் காட்டினர். அப்பட்டை சில திசைகளில் அடைபடாமல் இருந்தது. அவ்வாண்டே அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்து ஹோ, சான், சூக்குலிசு ஆகியோர் வைரத்தின் ஒழுங்கில் அமைந்த கட்டமைப்பில் முழுப் பட்டை உண்டு எனக் கணித்தனர். 1991இல் யாப்லோனோவிச் குழுவினர் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று சாய்வுத் துளைகள் இட்டு வைரத்தை ஒத்த ஒழுங்கைப் பெற்று, நுண்ணலைகளில் அதனை மெய்ப்பித்தனர். பிழை வெளிப்படையாக இருந்தமையால் திருத்தம் விரைந்து வந்தது என்பதை ஆராய்ச்சி மாணவர் கருத்திற் கொள்க.

ஓடைகள் கூடுதல்

மூன்று பரிமாண அமைப்பை ஒளியின் அளவிற் செதுக்குதல் கடினம். ஆகவே ஆராய்ச்சி மெல்லிய தகட்டின் பக்கம் திரும்பியது. அகச்சிவப்பு ஒளிக்கு ஏற்ற இரு பரிமாண அமைப்பை 1996ஆம் ஆண்டில் செய்து காட்டிய கிராசும் டிலாரூவும் கிளாஸ்கோ நகரைச் சார்ந்தவர். கெர் ஆசிரியப் பணி புரிந்ததும் அந்நகரிலேயே என்பதை முன்னர்க் கண்டோம். அவ்வாண்டிலேயே ஜோனோபூலசு குழுவினர், ஒளிப்படிக அலைவழி செங்கோணத்தில் திரும்பினும் ஒளி சிதறாது செல்லும் எனக் கணித்தனர்.

கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் நோடா குழுவினர் 2003ஆம் ஆண்டில் செய்த செயல் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ஒரு வரிசையில் மூன்று துளைகளை இடாமல் விட்டுக் குழி அமைத்தனர். அதன் இரு முனைகளிலும் உள்ள துளைகளைத் துளை இடைவெளியில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு மட்டும் வெளிப்புறம் நகர்த்தினர். அந்நகர்வின் அளவு ஏறத்தாழ 60 நானோமீட்டரே. குழியின் ஓரத்தில் ஒளி சட்டென முறியாமல் மெல்லத் தேய்ந்தமையால் கசிவு குறைந்தது. குழி ஒளியைக் காக்கும் திறனை அளக்கும் தரவெண் 45,000 ஆயிற்று. அதாவது, ஏறத்தாழ ஏழாயிரம் அதிர்வுகள் கழிந்த பின்னும் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மிகுதியான ஆற்றல் உள்ளே எஞ்சியிருக்கும். 2005ஆம் ஆண்டில் அக்குழுவினர் வேறோர் அமைப்பில் 600,000 என்ற தரவெண்ணை எய்தினர்.

இவ்வெண்கள் நேரிலா ஒளியியலுக்கு ஏன் இன்றியமையாதன? இருநிலை இயக்கத்துக்கு வேண்டிய திறன் குழியின் பருமனுக்கு நேர்விகிதத்திலும், தரவெண்ணின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமைகின்றது. தரவெண் பத்து மடங்காயின் வேண்டிய திறன் நூற்றில் ஒரு பங்காகும். அலைவழி, குழி, அலைவழி என்னும் தொடரமைப்பில் கெர் விளைவால் இருநிலை இயக்கம் நிகழும் எனச் சொல்யாசிச் முதலியோர் 2002இல் கணித்திருந்தனர். இங்கே 1887ஆம் ஆண்டில் ஒரே தலைப்பின்கீழ் இருந்த இரண்டும் ஒரே தகட்டிற் கூடின.

கணித்தவாறே நடந்ததா எனின், அன்று. ஜப்பானிய நாட்டுத் தந்தி தொலைபேசி நிறுவன ஆய்வுக்கூடத்தில் நோட்டோமி குழுவினர் 2005ஆம் ஆண்டில் சிலிக்கான் குழியில் இருநிலையைக் கண்டபோது அதற்குக் காரணமாய் நின்றது கெர் விளைவு அன்று, வெப்பமே. சிலிக்கான் இரு ஃபோட்டான்களை ஒருங்கே உட்கொண்டு சூடேறி, விலகல் எண் உயர்ந்தது. வெப்பம் மெல்ல இயங்குவது. பின்னர் அவர்களே, அவ்வுட்கொள்ளலால் விடுபடும் மின்னணுக்களைப் பயன்படுத்தி விரைந்த சாவிகளையும் நினைவுக் குழிகளையும் செய்தனர். மின்னணுக்கள் விலகல் எண்ணைத் தாழ்த்துதலின் குழியின் இசைவு எதிர்ப்புறம் நகர்ந்தது. கருத்து கெர் வழியில் வந்தது; செயல் வேறு வழியில் முடிந்தது. கொள்கையை மட்டும் படித்து வரலாறு எழுதுவோர் இவ்விடத்தில் தவறுதல் கூடும்.

2010ஆம் ஆண்டில் அக்குழுவினர் ஒரு ஃபெம்டோஜூலுக்கும் குறைந்த ஆற்றலில் சாவி ஒன்றை இயக்கினர்; 2014இல் நூற்றுக்கு மேற்பட்ட ஒளி நினைவுகளை ஒரே தகட்டில் அமைத்தனர். அலைவழியும் வெறும் பாதையாக நில்லாது ஒளியின் விரைவை மாற்றுவதாயிற்று. 2005ஆம் ஆண்டில் விலாசோவ் குழுவினர் ஒளித்துடிப்பின் விரைவை வெற்றிடத்து விரைவில் முந்நூறில் ஒரு பங்கிற்கும் கீழே கொணர்ந்தனர்.

இவ்வெற்றிகளால் மயங்காது, தடையையும் கூறுதல் முறை. 2010ஆம் ஆண்டில் டேவிட் மில்லர், ஒளிச்சாவி ஒன்று கணிப்பொறிக்குப் பயன்பட நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளைத் தொகுத்துரைத்தார். ஒன்றன் வெளியீடு அடுத்த இரண்டையேனும் இயக்கவேண்டும். மங்கிய குறி தானே தெளிவுற வேண்டும். வெளியீடு திரும்பி உள்ளீட்டைக் கெடுத்தலாகாது. எல்லையோரத்தில் நுட்பமாக நிறுத்திவைத்தாலன்றி இயங்காத நிலை ஆகாது. இருநிலைக் குழி எல்லையோரத்திலேயே நிற்பது ஆதலின் இறுதி நிபந்தனை அதற்குப் பெருந்தடை. மேலும், தரவெண் உயர உயரத் திறன் குறையினும், ஒளி தங்கும் நேரம் நீண்டு விரைவு குறைகின்றது. 45,000 என்ற தரவெண்ணில் அந்நேரம் ஏறத்தாழ 37 பிக்கோ நொடி. ஈண்டு ஊதியமும் இழப்பும் ஒரே எண்ணில் அடங்கியுள்ளன.

மற்றொரு பயன் எதிர்பாராத திசையில் விளைந்தது. 2013ஆம் ஆண்டில் தக்ககாசியும் நோடாவும் பிறரும், 10 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த நீளமுடைய சிலிக்கான் ஒளிப்படிகக் குழியில், சிலிக்கானின் இராமன் பெயர்ச்சியாகிய 15.6 டெராஹெர்ட்சு இடைவெளியில் இரு இசைவுகளை அமைத்தனர். ஒரு மைக்ரோவாட்டு அளவு ஒளியே அதில் இராமன் லேசர் தொடங்கப் போதியதாயிற்று. அடுக்கமைப்பின் நிறத்தையும் சிதறிய ஒளியின் அதிர்வெண் மாற்றத்தையும் வெவ்வேறு காலங்களில் ஆராய்ந்தவர் இராமன். அவ்விரண்டும் அவர் மறைந்து நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து ஒரே குழியில் கூடின.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் இவை. 1987 என்பது பெயர் பிறந்த காலத்தை ஒட்டிய ஆண்டு. கருத்து பிறந்த ஆண்டு அன்று. கருத்தின் ஒரு பகுதி 1887இலும், மற்றொரு பகுதி 1972இலும் காணப்படுகின்றது. ஓபலின் ஒளியோ மக்கள் மணி அணியத் தொடங்கிய காலம் முதல் கண்ணிற் பட்டு வந்தது.

அவ்வாறாயின் எல்லாம் இராலே பெருமகனார்க்கே தெரிந்திருந்தது எனக் கூறலாமோ எனின், கூறலாகாது. அவர் ஆராய்ந்தது ஒரு திசையில் அமைந்த ஒழுங்கை மட்டுமே. எல்லாத் திசைகளிலும் ஒளியை விலக்கும் கட்டமைப்பு அவர் கருத்தில் இல்லை. அணு ஒளி உமிழ்தலை அமைப்பால் தடுக்கலாம் என்னும் எண்ணம் குவாண்டம் கொள்கைக்குப் பிற்பட்டது. அவர் காலத்தில் அது தோன்றுதற்கு இடமே இல்லை. வித்தில் மரம் உண்டு என்பது உண்மையாயினும் வித்தை மரம் எனல் பிழை. முன்னோர் நூல்களிற் பிற்காலக் கருத்தின் சாயல் காணப்பட்ட அளவானே, அக்கருத்து முழுவதும் அவர்க்கு உரியது எனச் சாதிக்கும் போக்கு நம் நாட்டிலும் உண்டு. அது முன்னோர்க்குப் பெருமை சேர்ப்பதில்லை. அவர் மெய்யாகச் செய்ததை மறைத்துவிடுகின்றது.

பெயரிட்டோர்க்கும் உரிய இடம் உண்டு. பைக்கோவின் கட்டுரை தனித்து நின்றது. 1987ஆம் ஆண்டுக் கட்டுரைகளின்பின் ஒரு துறை எழுந்தது. சிதறிக் கிடந்தவற்றை ஒரு சொல்லின்கீழ்க் கூட்டி, பிறர் வினவுதற்கும் திருத்துதற்கும் உரியதாக்குதல் பெயரின் பணி. ஆகவே, தோற்றக் காலம் கூறுமிடத்து நிகழ்ச்சி, கருத்து, பெயர் ஆகிய மூன்றிற்கும் மூன்று காலம் தனித்தனியே குறித்தல் வேண்டும் என்பதே நம் துணிபு. ஒளியின் வரலாற்றிற் கண்ட இம்முறை, ஓர் இலக்கிய வகையின் தோற்றத்தையும் ஒரு சொல்லின் வழக்கையும் ஆராய்வோர்க்கும் பயன்படும் என நம்புகின்றோம்.